எண்ணாத தலை

நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலி என்றது கருவி.

எண்ணும் அறை என்று எல்லோரும் சொல்லும் அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. சாண் கனத்தில் இரும்புச் சுவர், நடுவில் ஒரு நாற்காலி, அதன் முதுகுப்பக்கம் வாளி அளவில் இரண்டு உணர்கருவிகள். உலைக் கட்டடத்துக்குள் வேலை முடித்து வருகிறவர்கள் அதில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். உடம்புக்குள் கதிர்த்தூசி போயிருந்தால் அது சொல்லிவிடும். இருபத்தாறு வருடமாகப் பொறியாளர் அதில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். பல் துலக்குவது மாதிரிதான். இன்று தன் முறைக்காகக் கதவோரம் நின்றிருந்தார். டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

“தூசி ஏதாவது?”

“தூசி இல்ல சார்.” அவள் குரல் இறங்கியது. “எதுவுமே இல்ல.”

திரையில் தட்டையாக ஒரு கோடு ஓடியது. வலது ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருந்திருக்க வேண்டும். நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது; அதில் ஒரு துளி தானாகவே கதிர் வீசும். பச்சைக்குழந்தையை உட்கார வைத்தாலும் அந்த மேடு எழும்.

“என்னம்மா, மெஷின் என்னை ஆளாவே மதிக்கலியா?” என்றார் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து. “பரவால்ல விடு. வீட்லயும் அதே நெலமதான்.”

அவள் சிரித்தாள். பொறியாளரும் சிரித்தார். மாப்பிள்ளை எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “சீக்கிரம் வாங்க மச்சான், பசி உயிர் போவுது.” போய்விட்டார்.

“மெஷின்ல ஏதோ கோளாறு” என்றார் பொறியாளர்.

“நீங்க உக்காருங்க சார், பாப்போம்.”

உட்கார்ந்தார். இரும்புக் கதவு மூடியது. பினாயில் வாசனை, அதற்கடியில் பழைய இரும்பின் வாசனை, எங்கோ ஒரு மின்விசிறியின் தேய்ந்த முனகல். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது திரையின் வலது ஓரத்தில் அவருடைய மேடு எழுந்து நின்றது, ஒழுங்காக, எறும்புப் புற்று மாதிரி.

“அவருக்கு முன்னால வந்த பதினோரு பேருக்கும் மேடு இருக்கு சார்.” அவள் இப்போது சிரிக்கவில்லை. “செத்துப்போன ஆளை உக்கார வெச்சாலும் இருக்கும். ஒரு தண்ணி கேன வெச்சாக்கூட, சுவத்துலேர்ந்து வர்றத அது கொஞ்சம் மறைக்கும், கோடு கொஞ்சமாச்சும் எறங்கும். இது எறங்கவே இல்ல. யாரும் உக்காராதப்ப என்ன வருமோ அதான் வந்திருக்கு.”

“ரிப்போர்ட்ல என்ன எழுதப்போறே?”

“என்னத்த எழுதறது சார்? ஆள் வரலைன்னா?”

மாப்பிள்ளை பொறியாளரின் ஒரே தங்கையின் கணவர். நல்ல வெல்டர், ஏழு மாதமாக வேலையில்லாமல் இருந்தவர். ‘அண்ணே, அவரு சுவத்தப் பாத்துட்டே உக்காந்திருக்காரு. உங்க பிளான்ட்ல ஏதாச்சும் பாருங்களேன்’ என்று தங்கை கேட்டாள். வருடத்துக்கு ஒருமுறை உலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்போது வெளியாட்களை எடுப்பார்கள். பொறியாளர் பெயரைக் கொடுத்தார். இருபது நாள் வேலை. இன்று பதினெட்டாம் நாள்.

நடைபாதையில் நின்று காலையில் நடந்ததை அவர் ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்த்தார்.

நீராவிக் கலன் என்பது ஆறு மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புக் குடுவை. அதன் அடியில் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் போகக் கீழ்ப்பக்கம் ஒரே வட்டத் துளை. தோளைச் சுருக்கினால் ஓர் ஆள் நுழையலாம். பழுதுபார்க்கும் நாட்களில் உலையின் தண்ணீர் உள்ளே வராமல் குழாய் வாயை ஒரு மூடியால் அடைத்திருப்பார்கள். அதைக் கழற்றி வெளியே கொடுப்பதுதான் கடைசி வேலை. மூன்று பேர் வேண்டும்: உள்ளே ஒருவர், வெளியே இருவர். உள்ளே மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, கதிர் அவ்வளவு. இன்று உள்ளே போனவர் மாப்பிள்ளை.

துளையை மூடி போல்ட் முடுக்குவதற்கு முன் பொறியாளர் நேரில் வந்து, குனிந்து, விளக்கடித்து உள்ளே பார்க்க வேண்டும். பிறகு வெளியே நிற்கிற மூன்று பேரையும் முகம் பார்த்து எண்ண வேண்டும். ஒவ்வொருவர் மார்பிலும் கதிர்மானி அட்டை தொங்கும். அட்டையை எண்ணாதே, தலையை எண்ணு. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவரே அவர்தான்.

இந்த வருடத்துக்கு அவருக்கு அனுமதித்த கதிரளவில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. துளையருகே போனால் அதுவும் தீரும். வேலை ஏற்கெனவே இரண்டு நாள் பின்தங்கியிருந்தது. முழங்கால் வேறு வலித்தது. உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் ஃபிட்டர் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தட்டில் மூன்று அட்டைகள். மூன்று போனது, மூன்று வந்தது. கையெழுத்துப் போட்டார்.

ஃபிட்டர் கருவிக் கிடங்கில் துணியால் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“காலைல என் மாப்ளே வெளிய வந்தத நீ பாத்தியா?”

“பாத்தேனே சார்.”

“நீதானே இழுத்து விட்டே?”

அந்தத் துளையிலிருந்து யாரும் தானாக வெளியே வர முடியாது. தலை வரும், ஒரு தோள் வரும். அதற்குமேல் வெளியே நிற்பவன் அக்குளில் கைகொடுத்து இழுக்க வேண்டும். பிரசவம் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஃபிட்டர் துடைப்பதை நிறுத்தினான். “இழுக்கல சார். நானும் ஹெல்ப்பரும் இந்தப் பக்கம் திரும்பி துளை மூடிய உருட்டிட்டு வர்றோம், வந்து நிக்கிறாரு. எண்ணெ தடவுன மாதிரி வழுக்கி வந்துட்டாரு போல. சத்தமே இல்ல. போட்டிருந்த வெள்ளச் சூட்டும் காஞ்சு கெடந்துச்சு. நாங்கல்லாம் பிழிஞ்சா ஒரு சொம்பு வேர்வ வரும். ‘என்னண்ணே, உள்ள ஏசி போட்டிருக்காங்களா’ன்னு கிண்டல் பண்ணேன்.”

“அதுக்கு?”

“சிரிச்சாரு.” ஃபிட்டர் கொஞ்சம் யோசித்தான். “கொஞ்ச நேரம் கழிச்சு சிரிச்சாரு.”

“நீ உள்ள எட்டிப் பாத்தியா?”

“நீங்க பாப்பீங்கன்னு சொன்னாங்க சார்.”

பொறியாளரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

“அண்ணே, அவரு பக்கத்துல இருக்காரா?”

“சாப்டப் போயிருக்காரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. பத்தரைக்கு போன் பண்ணாரு. வேல முடிஞ்சுதுன்னாரு. நல்லாத்தான் பேசினாரு. பேசி முடிச்சும் கட் பண்ணல, நானும் காதுல வெச்சிட்டே இருந்தேன். இவரு மூச்சு விட்டா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், உங்களுக்குத்தான் தெரியுமே. ஒரு மூச்சு கேக்கலண்ணே. ஆனா ஆள் லைன்ல இருக்காரு. எப்பிடித் தெரியும்னு கேட்டா சொல்லத் தெரியல. இருக்காரு.”

“சிக்னல் போயிருக்கும்மா.”

“அப்பிடித்தான் இருக்கும். பத்திரமா அனுப்பி வைங்க. இதோட இந்த வேல வேணாம்னு சொல்லிட்டேன்.”

கேன்டீனுக்கு வெளியே பொறியாளர் நின்றார். கண்ணாடிச் சுவரை ஒட்டி நீளமான மேசை. உள்ளே குளிர்பதனம், வெளியே மழைக்குப் பிந்திய ஈரம். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து மறைந்தது, ஒரு வரிசை முழுக்க, சின்னச் சின்ன வட்டங்களாக. மாப்பிள்ளை நடுவில் இருந்தார். கையை ஆட்டி ஏதோ கதை சொன்னார்; இரு பக்கமும் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூடான டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவர் முகத்துக்கு நேரே கண்ணாடி துடைத்துவிட்டது போல இருந்தது.

மணி ஒன்று பத்து. மூன்று மணிக்குக் கலனுக்குள் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் ஏறிச் சூடும் ஏறிவிட்டால் பிறகு அடுத்த வருடம்தான் திறப்பார்கள்.

மேசையில் இருப்பது அவர் இல்லை என்றால் அவர் எங்கே? இருக்க ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தைப் பதினாறு போல்ட் போட்டு மூடச்சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் பொறியாளர்.

யாரிடம் சொல்வது? ஆள் ஒருத்தர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றால், யார் என்பார்கள். பெயரைச் சொன்னால் கேன்டீனைக் காட்டுவார்கள். மருத்துவரைக் கூப்பிடுவார்கள், பொறியாளருக்காக. அதற்குள் மூன்று மணி ஆகிவிடும். இந்த ஆலையில் ஆளைக் காணோம் என்றால் தேடுவார்கள். ஒரு நட்டைக் காணோம் என்றால்தான் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். தண்ணீரோடு போகும் ஒரு துண்டு இரும்பு உலைக்குள் எதை உடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பராமரிப்பு மேலாளருக்குக் காலண்டர் என்று பட்டப்பெயர். தேதியைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். பொறியாளரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். பொறியாளர் நேரே அவர் அறைக்குப் போனார்.

“ஒரு ஸ்பேனர் குறையுது” என்றார் பொறியாளர்.

காலண்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எங்க?”

“ரெண்டாம் கலன். கிண்ணத்துல.”

“நீ பாத்துதானே கையெழுத்துப் போட்டே?”

“பாக்கல. அட்டைய எண்ணிப் போட்டேன்.”

காலண்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யோவ்” என்றார் காலண்டர். “ரிட்டயராக மூணு வருஷம்யா இருக்கு. என்கிட்ட வந்தா சொல்லுவே? வேற எவன்கிட்டயாவது சொல்லித் தொலச்சிருந்தா நான் தெரியாத மாதிரி இருந்திருப்பேனே.”

“தெறக்கணும்.”

“தெறந்தா நீ காலி. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஒரு ஸ்பேனருக்கா?” காலண்டர் அவர் முகத்தையே பார்த்தார். “ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“தெறக்கணும்ப்பா. கெஞ்சிக் கேக்கறேன்.”

இருபத்தாறு வருடத்தில் அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. காலண்டர் போனை எடுத்தார். “தண்ணிய ஆறு மணிக்குத் தள்ளு” என்று யாரிடமோ சொன்னார். வைத்துவிட்டு, “நீயே உள்ள போ. ஒன் தப்புக்கு வேற எவனையும் கதிர்ல நிறுத்த மாட்டேன்” என்றார்.

உலைக் கட்டடத்துக்குள் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. சோடியம் விளக்குகளின் மஞ்சள் எப்போதும் ஒரே அளவில் எரியும். கம்பித்தளத்தின் வழியே கீழ்த்தளமும், அதன் வழியே அதற்கும் கீழ்த்தளமும் தெரியும். காற்றோட்டக் குழாய்களின் இரைச்சல் பழகிப்போய்க் காதுக்கு மௌனம் போலிருக்கும். பொறியாளர் இரட்டை உறையும் இரட்டைக் காலணியும் போட்டு, தலையில் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியை மாட்டிக்கொண்டு கலனின் அடிக்குப் போனபோது கடைசி போல்ட் சுழன்றுகொண்டிருந்தது. ஃபிட்டர் ஒரு பக்கம். மறுபக்கம் வெள்ளை உடையில் இன்னொருவர்.

“ஹெல்ப்பருக்கு அளவு முடிஞ்சுபோச்சாம் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “நான் வந்துட்டேன். நீங்க உள்ள போறீங்க, வெளிய சொந்தக்காரன் ஒருத்தன் நிக்க வேணாமா?”

வேண்டாம் என்றால் வேறு ஆள் வரவேண்டும். வேறு ஆளுக்கு உடை, அட்டை, அனுமதி. ஒரு மணி நேரம். உள்ளே ஒரு மனிதன் ஏற்கெனவே நாலரை மணி நேரம் இருந்துவிட்டான்.

ஃபிட்டரின் காதருகே குனிந்தார். “நீ இந்த எடத்த விட்டு நகராத. என்ன ஆனாலும்.”

“சரி சார்.”

மூடி விலகியது. வாயில் காசை வைத்தது போல ஒரு சுவை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, ஒரு தோளைச் சுருக்கி, பொறியாளர் மேலேறினார். இரும்பு அவரை இடுப்பில் ஒருமுறை பிடித்தது. விட்டது.

உள்ளே.

வளைந்த தரை. நேராக நிற்க முடியாது. காதுக்குள் தன் மூச்சு மட்டும், ரம்பம் அறுப்பது போல. விளக்கைச் சுற்றினார். தரை. சுவர். குழாயின் வாய், அகலமாக, கறுப்பாக. அதற்குள் விளக்கடித்தார். பளபளக்கும் வளைவு. யாரும் இல்லை.

யாரும் இல்லை.

ஒரு நொடி அவருக்கு அழுகை வந்தது, நிம்மதியில். பைத்தியம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வேலை போகட்டும். மாப்பிள்ளை வெளியே நிற்கிறார்.

“ஒரு நிமிஷம் சார்!” ஃபிட்டரின் குரல்.

திரும்பும்போது விளக்கு மேலே பட்டது. கிண்ணத்தின் கூரை தட்டையான இரும்பு. அதில் துளைகள், மூவாயிரத்துக்கும் மேல், வரிசை பிசகாமல். ஒவ்வொன்றும் ஒரு குழாயின் வாய். ஒவ்வொன்றும் விரல் பருமன். எல்லாம் கறுப்பு.

ஒன்றைத் தவிர.

பழுதான குழாயை உலோக முளை அடித்து அடைப்பார்கள். அது மின்னும். இது மின்னவில்லை. தோல் நிறம். கிட்டே போனார். நகம் இருந்தது. மூட்டில் தீப்பொறி பட்ட கரும்புள்ளிகள், வெல்டர்களின் கையில் இருப்பது போல. துளையிலிருந்து ஒரு விரல் கீழ்நோக்கித் தொங்கியது. சதை துளையை நிறைத்திருந்தது. இடைவெளியே இல்லை.

தொட்டார். இரண்டு உறைகளைத் தாண்டியும் சூடு தெரிந்தது.

விரல் மடங்கியது.

முகமூடியின் விளிம்பைத் தூக்கினார். செய்யக் கூடாது. செய்தார். “மாப்ளே.” குரல் கிண்ணத்தைச் சுற்றிவந்தது. “நீங்களா? ஆமான்னா ரெண்டு தடவ மடக்குங்க.”

ஒன்று.

இரண்டு.

“வலிக்குதா?”

ஒன்று. இரண்டு.

“எப்பிடி... எப்பிடி எடுக்கறது? நான் என்ன பண்ணணும்?” கேட்கக் கூடாத கேள்வி. ஆமாம், இல்லை மட்டும்தான் அதற்குத் தெரியும். விரல் காற்றைத் துழாவியது. அவர் தன் விரலைக் கொடுத்தார். பற்றிக்கொண்டது. கைக்குழந்தை பற்றுவது மாதிரி. இழுத்தார். இரும்பு விடவில்லை. சதையும் விடவில்லை. இன்னும் இழுத்தார். விரல் வேண்டாம் என்பது போலத் துடித்தது. நிறுத்தினார்.

“ரெண்டு நிமிஷம் சார்!”

“கட்டர் வேணும்!” என்று கத்தினார். “காலண்டரக் கூப்பிடு! ஆள் இருக்காரு! உள்ள ஆள் இருக்காரு!”

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் குரல், அமைதியாக. “நீ போய்க் கூட்டிட்டு வாப்பா. நான் இங்க நிக்கிறேன்.”

“சார் நகராதேன்னு...”

“அவருதானே கூப்பிடச் சொன்னாரு. ஓடு.”

கம்பித்தளத்தில் காலடி. ஓடும் காலடி. தேய்ந்தது.

விளக்கு நடுங்கியது. வெளிச்சத்தில், இரண்டு முழம் தள்ளி, இன்னொரு துளை தோல் நிறமானது. அதற்கப்பால் இன்னொன்று. சுவரோரத்தில் இன்னொன்று. அவர் தலைக்கு நேர்மேலே, தடித்துக் குட்டையாக, கட்டைவிரல். ஐந்து. ஒரே கை. கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்த ஒரே கை.

ஐந்தும் ஒன்றாக மடங்கின. பயத்தில் மடங்குவது போல. அவர் விரலைப் பிடித்திருந்த விரல் இறுகியது. எலும்பு நொறுங்கும் அளவுக்கு.

கிண்ணத்துக்குள் இருட்டு கூடியது.

திரும்பிப் பார்த்தார். வட்டத் துளையில் வெளிச்சம் இல்லை. முகம் இருந்தது. முகமூடி இல்லாமல்.

“கெடச்சாரா மச்சான்?”

கையை உதறினார். விரல் விடவில்லை.

துளையில் ஒரு தோள் நுழைந்தது. பின்னாலேயே, சத்தமில்லாமல், யாரும் தள்ளாமல், மறு தோள்.